பட்டியலை ஓரமாக வையுங்கள்: அமெரிக்க இலக்கியத்தைக் கொண்டு அணிகளையும் பேச்சுக்கலையையும் நடத்துவது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு இந்த ஆண்டு அமெரிக்க இலக்கியத் தாள் எடுக்கப்போகும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "மாணவர்களுக்கு மெட்டஃபர், ஐரனி, அனஃபோரா என்று முப்பது பெயர்களாவது மனப்பாடம். ஒரு பத்தியைக் கொடுத்தால் சரியாக அடிக்கோடு போட்டுவிடுகிறார்கள். 'இதை ஏன் இந்த இடத்தில் செய்திருக்கிறார்?' என்று கேட்டால் 'அழகுக்காக மேடம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? எந்தப் படைப்புகளை எடுப்பது?"

'அழகுக்காக' என்ற பதிலுக்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளித் தமிழ்த் தேர்வில் அணி வினா வந்தால் விளக்கம், சான்று, பொருத்தம் என்று தலைப்புப் போட்டு எழுதிப் பழகியவர்கள் அவர்கள். பொருத்தம் என்பதன் கீழும் செய்யுள் இலக்கணத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்த்திருப்பார்கள். கவிஞர் அந்த அணியை வைத்து என்ன சாதித்தார் என்று கேட்ட ஆசிரியர் கிடைத்திருந்தால் அது அதிர்ஷ்டம். கல்லூரிக்கு வந்த பிறகும் அதே பழக்கம் தொடர்கிறது, அணியின் பெயர் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது.

என் யோசனை இதுதான். பட்டியலைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியத்தைக் கையில் எடுங்கள். 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் வரும் 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்ற வாக்கியம். அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர். அந்த வாக்கியத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் தலைமுறை தலைமுறையாக அதையே எடுத்துக்கொண்டு போய், 'இதில் நாங்கள் உண்டா, இல்லையா?' என்று கேட்டிருக்கிறார்கள். 1848இல் பெண்கள் கேட்டார்கள், 1852இல் அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ் கேட்டார், 1963இல் மார்ட்டின் லூதர் கிங் கேட்டார். நடுவில் 1863இல் ஜனாதிபதி லிங்கன், உள்நாட்டுப் போரில் செத்தவர்களின் கல்லறை முன் நின்று அதே வாக்கியத்துக்குத் திரும்பி வந்தார். 187 ஆண்டு நடந்த இந்த வழக்கைப் பின்தொடர்ந்து போனாலே உங்கள் பட்டியலில் உள்ள அணிகளில் பாதிக்கு மேல் வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக வந்திருக்கும் என்பதால் 'அழகுக்காக' என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது.

எந்தப் பகுதியை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், கேட்டவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார், எதை நேரடியாகச் சொன்னால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அணிகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. அணியின் பெயர் இதற்கெல்லாம் அப்புறம் வரட்டும்.

பிரகடனத்தை நடத்தும்போது அந்தப் புகழ்பெற்ற இரண்டாம் பத்தியோடு நிறுத்திவிடுவது வழக்கம். ரெட்டரிக், அதாவது பேச்சுக்கலை, பார்க்க வேண்டுமென்றால் அதை அடுத்து வரும் நீண்ட குற்றப்பட்டியல்தான் நல்ல இடம். 'ஹி ஹேஸ்', 'ஹி ஹேஸ்' என்று ஒவ்வொரு குற்றமாகத் தொடங்கும். நல்ல சட்டங்களுக்கு ஒப்புதல் தர மறுத்தார், எங்கள் சட்டசபைகளைக் கலைத்தார், அமைதிக் காலத்தில் எங்கள் நடுவே படைகளை நிறுத்தினார், எங்கள் கடல்களைச் சூறையாடினார், எங்கள் ஊர்களை எரித்தார். ஆளுக்கொரு குற்றமாக எழுந்து நின்று வாசிக்கச் சொல்லுங்கள். ஏழெட்டுப் பேர் வாசிப்பதற்குள் வகுப்பில் விசாரணை நடப்பது போன்ற ஒரு சூடு வந்துவிடும். அப்போது கேளுங்கள்: இந்த 'அவர்' யார்?

மூன்றாம் ஜார்ஜ் மன்னர். ஆனால் அந்தக் காலத்துச் சண்டையில் பாதி, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட வரிகளையும் சட்டங்களையும் பற்றியது. அந்த நாடாளுமன்றத்தின் பெயரே பட்டியலில் இல்லை. 'மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு' என்று ஓரிடத்தில் போகிறபோக்கில் வருகிறது, அவ்வளவுதான். காரணம் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குத் தங்கள் மேல் அதிகாரமே கிடையாது என்பது அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் அப்போது வந்து சேர்ந்திருந்த நிலைப்பாடு. மிச்சமிருந்த கட்டு மன்னர் மேல் இருந்த விசுவாசம் ஒன்றுதான், அதை அறுப்பதற்காகத்தான் இந்த ஆவணமே. அப்படியென்றால் குற்றம் முழுவதும் ஒரே ஆளின் தலையில் ஏற வேண்டும். ஒரே சொல்லில் தொடங்கும் வாக்கியங்கள் அடுக்கடுக்காக வந்து அந்த வேலையைச் செய்கின்றன. இவ்வளவும் பேசி முடித்த பிறகு பலகையில் 'அனஃபோரா' என்று எழுதுங்கள். அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் மறக்க மாட்டார்கள்.

அடுத்த வகுப்புக்கு 1848 ஆவணத்தைக் கொண்டுபோங்கள். அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஃபால்ஸ் என்ற ஊரில் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் முன்னின்று எழுதிய 'டெக்லரேஷன் ஆஃப் சென்டிமென்ட்ஸ்' அங்கே வாசிக்கப்பட்டது. 1776 பிரகடனத்தின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, சமமாகப் படைக்கப்பட்டவர்களின் வரிசையில் பெண்களையும் சேர்த்தார்கள். குற்றப்பட்டியலும் அதே 'ஹி ஹேஸ்' என்றுதான் தொடங்குகிறது. இப்போது 'அவன்' என்பது ஆண். வாக்களிக்கும் உரிமையைப் பயன்படுத்த அவளை அவன் ஒருபோதும் அனுமதித்ததில்லை. சொத்தில் அவளுக்கிருந்த எல்லா உரிமையையும், அவள் சம்பாதிக்கும் கூலியையும்கூட, அவன் எடுத்துக்கொண்டான்.

இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்டான்டன் ஏன் தன் சொந்த நடையில் எழுதவில்லை என்று கேளுங்கள். நல்ல விவாதம் வரும். 1776 பட்டியலை நியாயம் என்று ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் கொண்டாடியவர்கள், அதே வடிவத்தில் வரும் பட்டியலை எந்த முகத்தோடு மறுப்பார்கள்? முன்னோர் எழுத்தைத் தொட்டுக் காட்டுவது எதிராளியை அவன் சொன்ன சொல்லிலேயே கட்டிப்போடும் வேலையைச் செய்கிறது. அலூஷன் என்றால் 'பைபிளையோ கிரேக்கப் புராணத்தையோ குறிப்பிடுவது' என்று மட்டும் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இந்த ஆவணத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்களில் ஒருவர் ஃபிரெடரிக் டக்ளஸ்.

தாள் முழுவதிலும் ஒரே ஒரு உரைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ரோசெஸ்டர் நகரின் கொரிந்தியன் ஹாலில் பேசியதை எடுங்கள் என்றுதான் சொல்வேன். அமெரிக்க இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான பேச்சு எனக்குத் தெரிந்து இல்லை.

உரைக்குப் போவதற்கு முன் அவர் பேச்சுக்கலை கற்ற கதையை மாணவர்களிடம் சொல்லுங்கள். மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோரில் எஜமானியான சோஃபியா ஆல்டு எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். படித்த அடிமை அடங்கியிருக்க மாட்டான் என்று அவர் கணவர் தடுத்துவிட்டார். டக்ளஸ் தெருவில் விளையாடும் வெள்ளைக்காரப் பையன்களிடம் கேட்டுக் கேட்டு மிச்சத்தைக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு வயது வாக்கில் 50 சென்ட் கொடுத்து 'தி கொலம்பியன் ஆரேட்டர்' என்ற புத்தகத்தை வாங்கினார். கேலப் பிங்கம் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொகுத்து 1797இல் வெளியிட்ட பேச்சுப் பயிற்சி நூல் அது. அதில் ஒரு எஜமானனுக்கும் தப்பி ஓடிப் பிடிபட்ட அடிமைக்கும் நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு. எஜமானன் வைக்கும் ஒவ்வொரு வாதத்தையும் அடிமை உடைக்கிறான், கடைசியில் எஜமானன் அவனை விடுதலை செய்கிறான். அதைத் திரும்பத் திரும்பப் படித்ததாக டக்ளஸ் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இன்று நம் மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கும் அதே பாடத்தை அவர் ஒளித்துவைத்துப் படித்தார். இது மாணவர்கள் மனத்தில் பதிய வேண்டிய செய்தி.

உரைக்கு வருவோம். அடிமைமுறையை எதிர்த்த பெண்கள் சங்கம் ஒன்று அவரைச் சுதந்திர தின விழாவில் பேச அழைத்திருந்தது. கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் அவர் கட்சிக்காரர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள். இதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் எதிரிகளிடம் பேசுவதைவிட இது கடினம். 'நாங்கள்தான் நல்லவர்கள் ஆயிற்றே' என்ற நினைப்போடு உட்கார்ந்திருப்பவர்களை அசைக்க வேண்டும்.

என்ன செய்கிறார்? 'சக குடிமக்களே' என்று விளிக்கிறார். பிறகு நெடுநேரம் அமெரிக்காவின் தேசத் தந்தையரைப் புகழ்கிறார். துணிச்சல்காரர்கள், பெரிய மனிதர்கள், நியாயத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள். கேட்பவர்களுக்கு வழக்கமான ஜூலை 4 பேச்சு போலவே இருக்கும். இந்தப் பகுதியை மாணவர்களிடம் கொடுத்து 'யுவர்' என்ற சொல் வரும் இடமெல்லாம் வட்டம் போடச் சொல்லுங்கள். உங்கள் தேசிய சுதந்திரம், உங்கள் முன்னோர், உங்கள் நாடு. இந்த மூன்றையும் சொல்லும்போது 'நம்' என்று சொல்வதில்லை. பக்கம் முழுக்க வட்டம் விழுந்த பிறகு அடுத்த பகுதியை வாசியுங்கள்: 'இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையதல்ல. நீங்கள் மகிழலாம், நான் துக்கம் காக்க வேண்டும்.' பென்சிலில் தாங்களே வட்டம் போட்ட சொல் திடீரென்று குற்றச்சாட்டாக மாறுவதை மாணவர்கள் பார்ப்பார்கள். அப்போதே சபையின் முன் எல்லாம் வைக்கப்பட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. 'உங்கள்' என்ற ஒரு பிரதிப்பெயரை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்ய முடியும் என்பதை எந்த அணிப் பட்டியலும் சொல்லாது. பிரதிப்பெயர் அணியே கிடையாதே!

அடுத்த அடி இன்னும் நுட்பமானது. 'அடிமையும் மனிதன்தான் என்று நான் வாதாட வேண்டுமா?' என்று கேட்கிறார். வேண்டியதில்லை, அதை எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று என்கிறார். வாதாட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஆதாரத்தை எடுத்து வைக்கிறார். வர்ஜீனியா மாநிலத்தில் 72 குற்றங்களுக்குக் கறுப்பு மனிதனுக்கு மரண தண்டனை உண்டு, அதே குற்றங்களில் இரண்டுக்கு மட்டும்தான் வெள்ளையனுக்கு மரண தண்டனை. அடிமைக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது தெற்கு மாநிலங்களில் குற்றம். வயலில் மேயும் மிருகங்களுக்கு இப்படிச் சட்டம் போட்டிருக்கிறீர்களா, காட்டுங்கள், அப்புறம் அடிமை மனிதனா என்று வாதாடுகிறேன் என்கிறார். பேசப்போவதில்லை என்று சொல்லிப் பேசிவிடும் இந்த முறைக்குப் பாராலிப்ஸிஸ் என்று பெயர். ஏன் இங்கே? உட்கார்ந்து நிதானமாக நிரூபித்தால், அது நிரூபிக்க வேண்டிய விஷயம்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுத்தபடியே நிரூபித்தால் ஆதாரமும் சேர்ந்துவிடும், தன் மானமும் குறையாது. மாணவர்கள் இந்தக் காரணத்தைத் தாங்களாகவே கண்டுபிடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள், அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த இடத்துக்குப் பிறகுதான் அவர் குரலை உயர்த்துகிறார். இப்போது வேண்டியது வெளிச்சமல்ல, நெருப்பு. இதமான தூறலல்ல, இடி. முரண் அணிக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். ஆனால் முதல் பக்கத்திலேயே இந்த வரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். உரையின் முடிவில் அவர் நம்பிக்கையை விடவில்லை, சுதந்திரப் பிரகடனத்திலிருந்தே தெம்பு பெறுவதாகச் சொல்கிறார். மறுபடியும் 1776.

லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையை நீங்கள் எப்படியும் நடத்துவீர்கள், அதனால் இரண்டு விஷயம் மட்டும். 1863 நவம்பர் 19 அன்று, அக்காலத்தில் புகழ்பெற்ற பேச்சாளரான எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசிய பிறகு லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில் முடித்தார். 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்' என்று அவர் தொடங்குவது வெறும் பழைய பாணி இல்லை. ஸ்கோர் என்றால் இருபது, மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 87 ஆண்டு பின்னால் போனால் 1776. அரசியல் சட்டம் எழுதப்பட்ட 1787க்கு அவர் போகவில்லை. அந்தச் சட்டம் அடிமைமுறையோடு சமரசம் செய்துகொண்டது, பிரகடனம் சமத்துவம் பேசியது. நாடு எந்த நாளில் பிறந்தது என்ற வாதத்தையே ஓர் எண்ணுக்குள் வைத்துவிட்டார். இரண்டாவது, பிறப்பு என்ற உருவகம். கருத்தரித்தது, ஈன்றது என்று தொடக்கத்தில் வந்து, புதிய பிறப்பு என்று முடிவில் திரும்புகிறது. பேசும் இடமோ கல்லறை. அந்த உருவகம் கல்லறையில் ஏன் தேவைப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும்.

கிங் என்றவுடன் எல்லோரும் 'எனக்கொரு கனவு' உரைக்கு ஓடுகிறோம். லிங்கன் நினைவகத்தின் படியில் நின்று 'ஃபைவ் ஸ்கோர் இயர்ஸ்' என்று அவர் தொடங்குவதையும், பிரகடனத்தைப் பணம் தருவதாக எழுதிக்கொடுத்த புரோநோட்டாக்கி, அது வங்கியில் திரும்பி வந்த காசோலை ஆகிவிட்டது என்று உருவகத்தை நீட்டிக்கொண்டே போவதையும் கட்டாயம் காட்டுங்கள். இருந்தாலும் வகுப்பில் நேரம் செலவழிக்கத் தகுந்தது அதே ஆண்டு ஏப்ரலில் எழுதிய பர்மிங்ஹாம் சிறைக் கடிதம். குறிப்பாக அதில் ஒரே ஒரு வாக்கியம்.

எட்டு வெள்ளை மதகுருமார்கள் அவருடைய போராட்டத்தைக் காலப்பொருத்தம் இல்லாதது என்று அறிக்கை விட்டிருந்தார்கள். பொறுங்கள் என்பதுதான் அதன் சாரம். சிறைக்குள் கிடைத்த செய்தித்தாளின் ஓரங்களில் கிங் பதில் எழுதத் தொடங்கினார். 'பொறு' என்று சொல்வது நிறப் பாகுபாட்டின் வலியை உணராதவர்களுக்கு எளிதாக இருக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டு, முந்நூறு சொல்லைத் தாண்டும் ஒரு வாக்கியத்தை எழுதுகிறார். உங்கள் தாய் தந்தையரைக் கும்பல் அடித்துக் கொல்வதைப் பார்த்திருக்கும்போது, டிவியில் விளம்பரம் வந்த கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று ஆறு வயது மகளுக்குச் சொல்ல முயன்று நாக்கு குழறும்போது, எந்த விடுதியிலும் இடம் தராததால் இரவுக்கு இரவு காருக்குள் மடங்கிப் படுக்கும்போது, உங்கள் மனைவியையும் தாயையும் யாரும் 'மிஸஸ்' என்று மரியாதையாக அழைக்காதபோது என்று 'வென் யூ', 'வென் யூ' என அரைப்புள்ளிக்கு அரைப்புள்ளி அடுக்கிக்கொண்டே போகிறது. முதன்மை வினை வரவே வராது. எல்லாம் முடிந்து கடைசியில்தான் வருகிறது: அப்போது உங்களுக்குப் புரியும், பொறுத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்று.

இதை வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். வாசிக்கும் மாணவருக்கு மூச்சு முட்டும், கேட்பவர்கள் எப்போது முடியும் என்று தவிப்பார்கள். பிறகு குழுக்களாகப் பிரித்து, அதே செய்திகளைப் பத்துச் சின்ன வாக்கியங்களாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். தகவல் ஒன்றும் குறையாது. ஆனால் அந்தத் தவிப்பு போய்விடும். 'பொறு' என்று சொன்னவர்களை வாக்கியத்தின் அமைப்பாலேயே பொறுக்க வைத்துக் காட்டியிருக்கிறார் என்பது அப்போது புரியும். இந்த வகை வாக்கியத்துக்குப் பீரியாடிக் சென்டன்ஸ் என்று பெயர். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்: கொலையில் தொடங்கிய அடுக்கு போகப் போகச் சின்ன விஷயங்களுக்கு வருகிறது. பூங்கா, படுக்கை, பெயர். பொதுவாக ஏறுவரிசை என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறு. கொலையைக் கேட்டு 'ஐயோ' என்று சொல்லிவிட்டு விலகி நிற்கும் வாசகனுக்கு, மகளின் கண்ணீரிலிருந்து விலக முடியாது. 'நீங்கள்' என்ற சொல் அந்த மதகுருமார்களைக் கறுப்புத் தகப்பனின் இடத்தில் உட்காரவைத்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அடிமையாகப் பிறந்து பேச்சாளரான சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒஹாயோவின் ஆக்ரனில் பேசியதை 'நான் ஒரு பெண் இல்லையா?' என்ற பல்லவிக்காகவே பாடத்தில் வைக்கிறோம். பேசிய சில வாரங்களில் பத்திரிகையில் வெளிவந்த பதிவில் அந்தக் கேள்வி கிடையாது. அது பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1863இல் ஃபிரான்சஸ் கேஜ் வெளியிட்ட வடிவத்தில்தான் வருகிறது. அந்த வடிவத்தில் உள்ள தெற்கத்திப் பேச்சு வழக்கும் பொருந்தவில்லை, ட்ரூத் நியூயார்க்கில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். பேட்ரிக் ஹென்றியின் 'சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு' உரையும் அப்படித்தான். 1775இல் பேசியது, நமக்குக் கிடைக்கும் வாசகம் 1817இல் வில்லியம் வர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருப்பது. இந்த உரைகளைத் தள்ளிவிட வேண்டாம். ட்ரூத்தின் இரண்டு வடிவங்களையும் கொடுத்து, கேஜ் எதற்காக அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப வைத்திருப்பார் என்று கேட்டால், அதுவே அருமையான ரெட்டரிக் வகுப்பு.

கவிதைக்கு லாங்ஸ்டன் ஹியூஸின் 'ஹார்லெம்'. 1951இல் வந்தது, ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தள்ளிப்போடப்பட்ட கனவு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு ஐந்து உவமைகளை வரிசையாக வைக்கிறது. வெயிலில் காய்ந்த திராட்சை, சீழ் பிடித்த புண், அழுகிய இறைச்சி, மேலே ஏடு படிந்த பாகு, தொங்கவைக்கும் பாரம். ஒவ்வொன்றிலும் 'லைக்' உண்டு. கடைசி வரி மட்டும் சாய்வெழுத்தில் தனியே நிற்கிறது: அல்லது அது வெடிக்குமா? அங்கே 'லைக்' இல்லை. எதைப் போல வெடிக்கும் என்று சொல்லவில்லை. உவமை, உருவகம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண வேறுபாடாகவே படித்தவர்கள், ஒப்பீடு நின்றுபோன இடத்தில் பயம் தொடங்குவதை இங்கே காது கொடுத்துக் கேட்கலாம். உவமை இருக்கும்வரை அது ஒரு ஒப்பீடுதான், நாம் பத்திரமாக இருக்கிறோம். முதல் உவமையைத்தான் லொரெய்ன் ஹான்ஸ்பெரி 1959இல் தன் நாடகத்துக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். உங்கள் தாளில் அந்த நாடகம் இருந்தால் இரண்டையும் சேர்த்து நடத்திவிடலாம்.

முரண்நகைக்கு, அதாவது ஐரனிக்கு, ஹக்கிள்பெரி ஃபின் நாவலின் 31ஆம் அத்தியாயம். தப்பி ஓடிய ஜிம் எங்கே இருக்கிறார் என்று அவருடைய எஜமானிக்குத் தெரிவிக்க ஹக் ஒரு கடிதம் எழுதிவிடுகிறான். காட்டிக்கொடுப்பதுதான் புண்ணியம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தைப் பார்த்துக்கொண்டே ஜிம்மோடு கழித்த நாட்களை நினைக்கிறான். பிறகு, 'சரி, அப்படியென்றால் நான் நரகத்துக்கே போகிறேன்' என்று கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். தான் பாவம் செய்வதாகவே அவன் கடைசிவரை நம்புகிறான். வாசகனுக்கு மட்டும் தெரிகிறது. மார்க் ட்வைன் ஒரு வார்த்தை குறுக்கே வந்து விளக்கியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். நாவலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. அதை வகுப்பில் வாய்விட்டு வாசிப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்து, காரணத்தையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். கேட் ஷோபனின் 'ஒரு மணி நேரத்தின் கதை'யும் நன்றாக உதவும், சின்னக் கதை, கடைசி வரியில் மருத்துவர்கள் சொல்வது தவறு என்று தெரிந்தவர் வாசகர் ஒருவர்தான். எட்கர் ஆலன் போவின் 'தி ரேவன்' கவிதை ஒலிநயத்துக்கு. 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் வரும் பச்சை விளக்கை வைத்துக் குறியீட்டைத் தொடங்காதீர்கள், விடை எல்லா கைடிலும் இருக்கிறது, யாரும் யோசிக்க மாட்டார்கள்.

வகுப்பு நடத்தும் முறை இதற்குள்ளேயே வந்துவிட்டது: வாய்விட்டு வாசிப்பது, அணியை எடுத்துவிட்டு மாற்றி எழுதி எது போனது என்று பார்ப்பது. மூன்றாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்டான்டன் செய்ததை மாணவர்களே செய்வது. தங்களுக்கு நிஜமாகவே உள்ள ஒரு குறையை எடுத்து, அதே 'ஹி ஹேஸ்' அச்சில் ஆறு குற்றங்கள் எழுதட்டும். விடுதி உணவாக இருக்கலாம், பேருந்தாக இருக்கலாம், வீட்டில் அண்ணனுக்குக் கிடைக்கும் சலுகையாகவும் இருக்கலாம். எந்தக் குற்றத்தை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று முடிவெடுக்க உட்காரும்போதுதான் ஜெஃபர்சன் ஏன் அந்த வரிசையில் அடுக்கினார் என்ற கேள்வியே அவர்களுக்கு வரும்.

விடைத்தாளில் எப்படி எழுத வேண்டும் என்பதையும் காட்டிவிட வேண்டும். 'டக்ளஸ் முரண் அணியைப் பயன்படுத்தித் தன் கருத்தை வலியுறுத்துகிறார்' என்று எழுதினால் அது எந்த உரைக்கும் பொருந்தும், மதிப்பெண் தராதீர்கள். 'தன் கட்சிக்காரர்களே கேட்டுக்கொண்டிருப்பதால், டக்ளஸ் முதலில் அவர்கள் முன்னோரைப் புகழ்ந்து அவர்களை இளகவைக்கிறார். பிறகு உங்கள், என் என்று எதிரெதிராக நிறுத்தி, விழா மேடையில் தனக்கு இடமில்லை என்பதை அவர்களே உணரும்படி செய்கிறார்' என்று எழுதினால் அணியின் பெயரே இல்லாவிட்டாலும் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

வினாத்தாள் மாறாமல் இது நிலைக்காது. 'பின்வரும் பத்தியில் உள்ள அணிகளைக் குறிப்பிடுக' என்ற வினா இருக்கும்வரை மாணவர்கள் பட்டியலைத்தான் படிப்பார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. ஆங்கில மொழித் தேர்வில் ஒரு கட்டுரை வினா உண்டு. பேசியவர் யார், எந்தச் சந்தர்ப்பம், யார் கேட்டார்கள் என்று மேலேயே கொடுத்துவிட்டு, தன் நோக்கத்துக்காக எந்தச் சொல்லையும் வடிவத்தையும் அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று ஆராய்ந்து எழுதச் சொல்லும். பழைய வினாக்கள் அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு அந்த அமைப்பை எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. பிரகடனம், செனிகா ஃபால்ஸ், டக்ளஸ், லிங்கன் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, தாராளமாக அச்சடித்துக் கொடுக்கலாம். கிங், ஹியூஸ் இருவரின் எழுத்துக்கும் காப்புரிமை இருப்பதால் பாடநூலிலோ நூலகப் பிரதியிலோ இருப்பதைப் பயன்படுத்துங்கள். செமஸ்டர் குறுகியதாக இருந்தால் போவையும் கேட்ஸ்பியையும் விட்டுவிடுங்கள், டக்ளஸுக்கு ஒதுக்கும் வகுப்புகளைக் குறைக்க வேண்டாம்.